ஜன்னல் பலகையில் ஓடிய பகல் வண்டி

டிக், டிக், டிக் என்று எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் சின்ன உளி விழும் சத்தம், அந்தத் தை மாதத்தில் இரண்டு நாள் முழுக்க எங்கள் பிளாக்கின் வேப்பமரத்தடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. சோறு வடிக்கும்போது கேட்டது, துணி அலசும்போது கேட்டது, பகல் தூக்கத்துக்குள்ளும் வந்து யார் யார் பெயரையோ புள்ளி புள்ளியாக எழுதிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் காலையில் சத்தம் இல்லை. பாத்திரங்களுக்குப் பெயர் வெட்ட வந்த நூர்தீன் இல்லை. கீழ்வீட்டு அருளப்பனின் ஒரே மகள் செலினும் இல்லை. அவன் எந்த ஊரிலிருந்து வந்தான் என்று எங்களில் ஒருவரும் கேட்டு வைத்திருக்கவில்லை. எங்கள் பெயர்களைத்தான் அவன் கேட்டான்.

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில், நாலு குடித்தனம் கீழேயும் நாலு குடித்தனம் மேலேயுமாக இருந்த பழைய பிளாக் அது. அருளப்பன் ரயில் பெட்டிப் பட்டறையில் தச்சர். மகள் போன அன்று அவர் யாரையும் திட்டவில்லை, போலீசுக்குப் போகவில்லை. அவள் படித்த மேசையை வாசலுக்கு இழுத்துவந்தார். உடைத்தார் என்று சொல்ல முடியாது, தச்சர் அல்லவா, ஒவ்வொரு பொருத்தாகக் கழற்றி, ஆணிகளைத் தனியே எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, பலகைகளை விறகுக்குப் பக்கத்தில் அடுக்கினார். அதன் பிறகு அந்த வீட்டில் செலின் என்ற பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த மேசை மகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. செலின் காலையில் கல்லூரிக்குக் கிளம்பியதும் பகல் முழுக்க அதில் உட்கார்ந்து அவள் அம்மா பிலோமினா மனிதர்களுக்கு வர்ணம் பூசுவாள். மவுண்ட் ரோடு பக்கத்தில், கட்டப்போகிற பெரிய கட்டடங்களுக்கு அட்டையில் மாதிரி செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. அங்கிருந்து மாதம் ஒருமுறை பிஸ்கட் டின்னில் மனிதர்கள் வருவார்கள். சுண்டுவிரல் நகத்தின் உயரம். கை, கால், தலை எல்லாம் உண்டு, நிறம் கிடையாது. அவர்களுக்குச் சட்டை, புடவை, செருப்பு, கைப்பை, நரைத்த முடி எல்லாம் பிலோமினா மூன்று மயிர்ப் பிரஷ்ஷால் பூசிக் கொடுப்பாள். முகம் மட்டும் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. கண்ணும் வாயும் வைத்துவிட்டால், வீடு வாங்க வருகிறவர்களுக்கு அது வேறு யாருடைய வீடோ என்று தோன்றிவிடுமாம்.

அதனால் பதினைந்து வருடமாக முகமில்லாத ஆட்களையே பார்த்துப் பழகிய பிலோமினாவுக்கு, ஒரு ஆளை அறிய முகம் தேவைப்படாமல் போய்விட்டது. தெருமுனையில் வருகிறவரின் தோள் சாய்வைப் பார்த்தே, "கோமளவல்லி புருஷன் இன்னிக்கு ஆபீசுல திட்டு வாங்கியிருக்காரு" என்பாள். சரியாக இருக்கும்.

மேசை போன பிறகு அவள் மடியில் வைத்துப் பூசினாள். கவிழ்த்த ஆட்டுக்கல் மேல் வைத்துப் பூசினாள், ட்ரங்குப் பெட்டி மேல் வைத்துப் பூசினாள். அந்த வீட்டுக்குள் வெயில் வருவது காலையில் அரை மணி நேரம், அதுவும் பின்கட்டில். பிறகு அது மாடிப்படிக்குப் போகும், அங்கிருந்து துவைக்கிற கல்லுக்குப் போகும். முறத்தில் மனிதர்களையும் வர்ணத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு வெயிலின் பின்னாலேயே பிலோமினா போவாள். தண்ணீர் கொட்டும். ஆட்கள் உருளுவார்கள். ஒருமுறை காக்கை ஒன்று நீலச் சட்டைக்காரர் ஒருவரைக் கொத்திக்கொண்டு போயிற்று. இப்படி மூன்று வருடம்.

மூன்றாவது வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து, அருளப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழித்துக்கட்டிய ரயில் பெட்டிகளைப் பிரித்து ஏலம் விடுகிற இடத்திலிருந்து பழைய மர ஜன்னல் பலகை ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார். வெயிலும் மழையும் தடுக்க ரயில் ஜன்னலில் மேலும் கீழும் இழுப்போமே, சாய்வான சட்டங்கள் வைத்தது, அந்தத் தேக்குப் பலகை. மூன்று ஞாயிறு அவர் அதோடு கிடந்தார். பலகையை மூடியாக்கி, கீழே ஒரு ஆழமில்லாத பெட்டி செய்தார். திறந்தால் மூடி சாய்ந்து நிமிர்ந்து நிற்கும். பெட்டியின் தளமே வேலைப் பலகை. ஆட்கள் உருண்டு விழாமலிருக்க ஓரத்தில் அரை விரல் உயரத்துக்கு வரம்பு. வலது பக்கம் பிரஷ்கள் நிற்க ஏழு துளை. இடது பக்கம் தண்ணீர்க் கிண்ணம் இறங்கி உட்கார வட்டமாக ஒரு பள்ளம், இனி அது கவிழ முடியாது. அடியில் இழுப்பறை, அதில் சோடா மூடிகள். ஒவ்வொரு மூடியிலும் மெழுகு உருக்கி ஒரு ஆளை நிறுத்திவிட்டால், ஆளைத் தொடாமல் மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பூசலாம். மடக்குக் கால் நான்கு: மடக்கினால் கட்டிலில், நீட்டினால் தரையில். தூக்கிப் போக ஒரு தோல் பட்டை. எல்லாம் முடித்து, மெழுகு தேய்த்து, பொங்கலுக்கு முந்தின நாள் அதை மனைவியின் முன்னால் வைத்தார்.

"இனிமே முதுகு வலிக்காது" என்றார். அந்த வருடத்தில் அவர் அவளிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று பிலோமினா பிற்பாடு சொன்னாள்.

அவள் கொக்கியை விலக்கி மூடியை நிமிர்த்தினாள். ஜன்னல் பலகைக்குப் பின்னால் சுவர் இருந்தது, சுவரில் மாதா படம் இருந்தது, வீட்டுக்குள் எப்போதும் போல இருட்டு இருந்தது. ஆனால் சட்டங்களின் இடுக்கு வழியாக வெயில் வந்து வேலைப் பலகையில் வரிவரியாக விழுந்தது. காலை பத்து மணி வெயில், புதுசு, கொஞ்சம் கரிப்புகை வாசனையோடு.

"வெயில் வருதுங்க" என்றாள்.

"வரட்டும்" என்றார் அருளப்பன். போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் எல்லோரும் வந்து பார்த்தோம், கையை நீட்டிச் சூடு பார்த்தோம், பிறகு அவரவர் வேலையை எடுத்துக்கொண்டு வந்தோம். மாடியிலிருந்து கோமளவல்லி அரிசியும் முறமுமாக இறங்கி வந்தாள். நான் விடைத்தாள் கட்டோடு போனேன். ஊசி கோக்க முடியாதவர்கள், காலில் முள் ஏறினவர்கள், பிள்ளைக்குப் பேன் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். பிலோமினா நடுவில் தன் பாட்டுக்கு ஒரு பெரியவருக்கு வேட்டிக் கரை போட்டுக்கொண்டிருப்பாள். "பேனை இந்தப் பக்கம் போடாதடி, என் ஆளுங்க மேல ஏறிடும்" என்பாள்.

அந்த வெயிலில் ஒரு நிழல் நகர்கிறது என்பதைக் கண்டவர் நாயுடு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டாம் நம்பர் வீடு. ஒல்லியான ஒரு நிழல் பலகையின் ஒரு ஓரத்தில் தொடங்கி, சோறு கொதிக்கிற நேரத்துக்கு மெல்ல நகர்ந்து மறு ஓரத்தில் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்தது.

"தந்திக் கம்பம்" என்றார் நாயுடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "மேற்கே போற பகல் வண்டிம்மா இது. இடப்பக்க ஜன்னல். தை மாசத்து வெயில். ஆனா ரொம்ப நிதானமாப் போகுது. அதுக்கு ஒரு நிமிஷம்னா நமக்கு ஒண்ணரை மணி நேரம்."

"நீங்க கார்டா இருந்தப்பவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா சார்?" என்றாள் கோமளவல்லி.

"நான் எங்கம்மா ஓட்டினேன், நான் கொடி காட்டினேன்" என்றார் நாயுடு.

பெட்டியை மூடினால் வண்டி அங்கேயே நின்றது. திறந்தால் விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. அரக்கோணத்தில் இரண்டு நாள் நின்றது. பாலாற்றுப் பாலம் வந்தபோது இரும்புச் சட்டங்களின் நிழல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, பிலோமினா ஒரு முற்பகல் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு மீன் கழுவினாள். காட்பாடியில் நிற்கும்போது வெயில் அசையாது, அதனால் புடவைக் கரை, கைக்கடிகாரம் போன்ற நுணுக்கமான வேலைகளையெல்லாம் ஸ்டேஷன் வரும்வரை தள்ளிவைத்து அங்கே செய்துகொண்டாள். "நாயுடு சார், அடுத்த ஸ்டேஷன் எப்ப வரும், எனக்குப் பதினாலு மூக்குக்கண்ணாடி பாக்கி இருக்கு" என்று கேட்பாள். நாங்களும் பழகிவிட்டோம். எங்கள் பிளாக்கில் அப்போது, "ஆம்பூர் தாண்டினப்புறம் அப்பளம் இட்டேன்" என்று சொன்னால் எல்லோருக்கும் கிழமை விளங்கும்.

கம்பெனி ஆள்தான் குழம்பினான். பூசின ஆட்களை உள்ளங்கையில் வைத்து, "என்னம்மா, போன தடவை கொடுத்தவங்க காலைல ஆபீசுக்குப் போற மாதிரி இருந்தாங்க, இவங்கல்லாம் மதியச் சாப்பாடு முடிஞ்சு வர்ற மாதிரி இருக்காங்களே" என்றான்.

ஜோலார்பேட்டைக்குப் பிறகு பாதை தெற்கு நோக்கி வளைகிறது. வண்டி வளைய வளைய வெயிலும் பலகையில் இடம் மாறிற்று. அப்படி மாறி ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, வேலைப் பலகையின் இடது பாதியில் ஒரு தலையின் நிழல் மெதுவாக வந்து விழுந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு பெண். கழுத்து வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பின்னலின் நுனியைக் கையில் பிடித்து உதட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள்; ஒருமுறை தேய்க்க அவளுக்குக் கால் மணி ஆயிற்று.

பிலோமினா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் சிவந்தது.

"இது என் பொண்ணு" என்றாள்.

கட்டிலுக்கு அப்பால் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அருளப்பன் திரும்பவில்லை. அன்று அவருக்கு விடுப்பு.

"மெலிஞ்சிருக்காளே" என்றாள் கோமளவல்லி.

"நெழல் அப்படித்தான்டி காட்டும்" என்றாள் பிலோமினா. பிறகு நாயுடுவைப் பார்த்தாள். "சார், இவ எங்க எறங்கறாள்னு உங்களால சொல்ல முடியுமா?"

"எறங்கறப்ப பாத்தோம்னா ஸ்டேஷனைச் சொல்லிடுவேன்மா. ஆனா பெரிய ஸ்டேஷன்னா பத்து நிமிஷம் நிக்கும். சின்னதுன்னா ரெண்டே நிமிஷம். நமக்கு மூணு மணி நேரம்தான். அதை விட்டுட்டோம்னா, அப்புறம் வெறும் சீட்டுதான்."

அன்றிலிருந்து அந்தப் பெட்டி எங்களுக்கு வேறாகிவிட்டது. பேன் பார்ப்பது நின்றது. அந்த வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசினோம். ஒரு பிற்பகல் நிழலின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கியது, அது விழிக்க இரண்டு நாள் ஆயிற்று, அந்த இரண்டு நாளும் பிளாக்கில் யாரும் அம்மி கொத்த விடவில்லை. பிலோமினா அந்த நிழலின் மேல் ஒரு ஆளையும் நிறுத்தவில்லை. பலகையின் வலது பாதிக்குள்ளேயே அத்தனை பேரையும் நெருக்கி நிறுத்தி, ஈஸ்டர் முடிந்து கொடுக்க வேண்டிய இருநூற்று நாற்பது பேரை, வேகம் பாதியாகக் குறைய, பூசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான், மகள் எழுந்து இறங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததும் அந்த ஊருக்குப் போக வேண்டும். நாள் முழுக்க அவள் வாய் அசைந்துகொண்டிருக்கும். ஜெபமா, மகளோடு பேச்சா, நான் கேட்டதில்லை.

அருளப்பன் மட்டும் பெட்டியின் பக்கம் வரவே இல்லை. வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆனால் திருப்பத்தூர், சாமல்பட்டி என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு மூச்சு விடுவதை நிறுத்தும்.

புனித வாரத்து வியாழக்கிழமை மாலை, நிழல் பின்னலைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டது. குனிந்தது. சீட்டுக்கு அடியில் எதையோ கை துழாவிற்று. தந்திக் கம்பங்கள் வர வர இன்னும் மெதுவாக வந்தன, பிறகு ஒரு பெரிய மரத்தின் நிழல் பலகையின் ஓரத்தைத் தொட்டது.

"மொரப்பூர்" என்றார் நாயுடு. "அது பிளாட்பாரத்துத் தூங்குமூஞ்சி மரம். நாளைக்கு நீ திறந்ததும் வண்டி நிக்கும்மா. ரெண்டு நிமிஷ ஸ்டேஷன்."

பிலோமினா மூடியைச் சாய்த்துக் கொக்கியைப் போட்டாள்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி சார். பெட்டியைத் தொட மாட்டேன்."

அன்று அவர்கள் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், பிரஷ்ஷைத் தொடுவதும் கிடையாது.

"வேலை செய்ய வேணாம் அக்கா, சும்மா பாக்கறதுக்குத் திறங்களேன்" என்றாள் கோமளவல்லி.

"மாதா சிலுவையடியில நின்ன நாள்டி அது. நான் என் பொண்ணைப் பாத்துச் சந்தோஷப்படறதுக்கு வேற நாளா இல்ல? மூடினா வண்டி எங்கயும் போயிடாது. சனிக்கிழமை காலைல திறக்கறேன். எல்லாரும் குளிச்சிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூன்று மணி நேர ஆராதனைக்கு அவள் கோயிலுக்குப் போனாள். முழங்கால் வலி என்று அருளப்பன் போகவில்லை. நான் பின்கட்டில் துணி காயப்போட இறங்கினேன். அவர்கள் வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. இருட்டான அந்த அறையின் நடுவில் பெட்டி திறந்திருக்க, பிற்பகல் வெயில் வழிந்து தரைவரை கிடந்தது. அதன் முன்னால், கோயிலில் மண்டியிடுவது போல, அருளப்பன் மண்டியிட்டிருந்தார்.

அப்போதே நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. பக்கெட்டில் இருந்த துணியை உதறி உதறிக் கொடியில் போட்டேன், காய்ந்ததை எடுத்தேன், மறுபடி வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதே இடத்தில் இருந்தார். ஒரு தடவை பார்த்தபோது வலது கையைப் பலகையின் ஓரத்தில் நீட்டி வைத்திருந்தார். உயரமான படியிலிருந்து இறங்குகிற குழந்தைக்குக் கை கொடுப்பது போல இருந்தது. அந்தக் கை வெகு நேரம் அப்படியே இருந்தது.

மூன்று மணி தாண்டிப் பிலோமினா கறுப்புப் புடவையில் திரும்பி வந்தாள். அவளோடு நாங்கள் எல்லோரும் அந்த வாசலில் நின்றோம். பலகையில் வெயில் நிறைந்திருந்தது. வலது பாதியில் சோடா மூடிகளில் மனிதர்கள் நெருக்கி நின்றார்கள். இடது பாதி காலியாக, பளிச்சென்று, ஒன்றுமில்லாமல் இருந்தது.

"பாத்துட்டீங்களா?" என்றாள்.

"பாத்துட்டேன்."

"வெள்ளிக்கிழமைன்னு நான் மனசைக் கட்டி வச்சிட்டுப் போனேன். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லையே நீங்க, இத்தனை நாளா! எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே. அதையும் எடுத்துட்டீங்களே." அவள் அழவில்லை. தலையிலிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

அருளப்பன் எழ முயன்றார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாரும் பாக்க என்னால பாக்க முடியாது பிலோ."

பலகையின் காலிப் பாதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பை கனம் போல. ரெண்டு தடவை தூக்கப் பாத்தா, முடியல. அவன் வாங்கிக்கிட்டான். ஒரு கையில பை, இன்னொரு கையில இவ முழங்கை. படி உசரம்னு புடிச்சிக்கிட்டே நிக்கறான். ஒரு மணி நேரம் பிலோ. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், ஒரு மணி நேரமா அவன் அந்தக் கைய விடவே இல்ல. எந்த ஆம்பள அப்படி நிப்பான்? நான் உன்னை அப்படிப் புடிச்சிருக்கேனா?"

நான் நாயுடுவைப் பார்த்தேன். அந்த வண்டியில் அது நாற்பது வினாடி. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்த வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். கோமளவல்லிகூட வாயைத் திறக்கவில்லை. நாயுடு, "மொரப்பூர்தான் அருளப்பா. காலைல ஆறரைக்கு ஒரு வண்டி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பிலோமினா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பார்க்கிற பழக்கம் விட்டுப்போனவள், இப்போது ஒவ்வொரு சுருக்கமாகப் பார்த்தாள்.

"என்ன கலர்ல இருந்தா?" என்றாள்.

"நெழலுக்கு ஏது கலர்."

"புடவையா, தாவணியா, அதாவது தெரிஞ்சுதா?"

"புடவை" என்றார் அருளப்பன். "கொசுவம் சரியா வைக்கல. இறங்கறதுக்கு முன்னாடியே அவன்தான் தடுக்காம எடுத்துவிட்டான்."

அதற்குத்தான் பிலோமினா அழுதாள்.

சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். பூசாமல் மிச்சமிருந்த அறுபது பேரை நாங்கள் பகிர்ந்து பூசி ஈஸ்டர் முடிந்து கம்பெனி ஆளிடம் கொடுத்தோம். கோமளவல்லி பூசியவர்களுக்கெல்லாம் மூக்கும் மீசையும் இருந்தன, அவன் திருப்பி அனுப்பிவிட்டான். பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. காலி சீட்டின் வெயிலோடு வண்டி சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போயிற்று, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலை மறைத்து மங்கிற்று, ஆனி மாதம் ஒரு நாள் திறந்தபோது பலகைக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தது.

மொரப்பூரில் செலினும் நூர்தீனும் இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடைக்காரர் விவரம் சொல்ல, அருளப்பனும் பிலோமினாவும் அங்கிருந்து அரூர் பஸ் ஏறி, ஈஸ்டர் திங்கட்கிழமை மதியம் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் வந்து நின்ற மகளிடம் அருளப்பன் ஒன்றும் கேட்கவில்லையாம். உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த நூர்தீனின் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடு, சாப்பிடு" என்றாராம். ஓய்வு பெற்றதும் அவரும் பிலோமினாவும் அரூருக்கே போய்விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பிலோமினா அவருக்கு மன்னித்தாளா என்று எனக்கு எழுதின கடிதங்கள் ஒன்றிலும் இல்லை.

செலின் பெரம்பூருக்குத் திரும்பி வரவில்லை. அரூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றாள்.